வானேறிய பெயர்கள்

நமது மன்றத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, சங்கப் பாடல் ஒன்றையோ காப்பியக் கிளைக்கதை ஒன்றையோ நான் எடுத்துக்கொள்வேன் என்றே நண்பர்கள் எண்ணியிருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்ட பொருள் ஏர்-இந்தியா நிறுவனத்தின் விமானங்கள். கவிஞர்கள் கூடும் மன்றத்தில் விமானங்களுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே விடைதான் உண்டு. அந்த விமானங்களுக்குப் பெயர்கள் இருந்தன. முதலில் இளவரசியர் பெயர்கள், பின்பு அரசியர், மலைகள், பேரரசர்கள், ஆறுகள், பழம்பதிகள், மாநிலங்கள் என்று அவை மாறிக்கொண்டே வந்தன. இறுதியில் பெயர்களே இல்லாமற் போயின. ஒரு நிறுவனம் தன் விமானங்களை மாற்றிக்கொண்ட வரலாற்றை எஞ்சின்களின் வழியாக எழுதியவர்கள் உளர். கணக்குப் புத்தகங்களின் வழியாக எழுதியவர்களும் உளர். பெயர்களின் வழியாக அதனைப் படித்துப் பார்ப்பதே என் முயற்சி.

வானூர்தி என்ற சொல்லைக் கேட்டவுடன் புறநானூற்றையும் சீவக சிந்தாமணியின் மயிற்பொறியையும் மேற்கோள் காட்டுவது நம் மேடைகளின் வழக்கம். அந்த வழக்கத்தை இங்கே பின்பற்றாததற்கு அன்பர்கள் பொறுத்தருள்க. நான் பேசப்போவது அலுமினியத் தகட்டாலான ஊர்திகளைப் பற்றி.

தொடக்கத்தில் அலுமினியமும் இல்லை, பெயரும் இல்லை. 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் காலையில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பஸ் மாத் என்னும் சிறு விமானத்தைத் தாமே ஓட்டிக்கொண்டு புறப்பட்டார். ஒற்றை எஞ்சின், துணி போர்த்திய உடல், உள்ளே ஏறத்தாழ 25 கிலோ அஞ்சல். வழியில் அகமதாபாத்தில் இறங்கினார். அங்கே எரிபொருள் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தது. பிற்பகலில் பம்பாயின் ஜுஹு சேற்றுவெளியில் இறங்கினார். அங்கிருந்து அஞ்சற்பையை ஏற்றுக்கொண்டு நெவில் வின்சென்ட் என்னும் விமானி பெல்லாரி வழியாகச் சென்னை வந்து சேர்ந்தார். இந்தியப் பொது விமானப் போக்குவரத்தின் முதல் தடம் சென்னையில் வந்து முடிந்தது என்பது நம்மிற் பலருக்கு நினைவில் இருப்பதில்லை. மழைக்காலத்தில் ஜுஹு களம் நீரில் மூழ்கிவிடும். அப்பொழுது பூனாவிலிருந்து பறப்பார்கள். 1938இல் அத்தடம் கொழும்பு வரை நீண்டது.

அந்த முதற் பதினைந்து ஆண்டுகளில் விமானங்கள் விரைந்து மாறின. பஸ் மாத், ஃபாக்ஸ் மாத், மைல்ஸ் மெர்லின், டிராகன் ரேபிட் என்று வாங்கியவை யாவும் சிறியவை. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அமெரிக்கப் படைகள் விட்டுச்சென்ற டக்கோட்டாக்கள் மலிவாகக் கிடைத்தன. நாடெங்கும் புதிய விமான நிறுவனங்கள் முளைத்ததற்கு அம்மலிவே காரணம். அவற்றிற் பல மூச்சுத் திணறியதற்கும் அதுவே காரணம். 1946இல் டாட்டா நிறுவனத்தின் விமானப் பிரிவு ஏர்-இந்தியா என்னும் பொது நிறுவனமாயிற்று. 1953இல் நாட்டுடைமை வந்தபோது உள்நாட்டுச் சேவைக்கென அமைந்த இந்தியன் ஏர்லைன்ஸ் கழகத்துக்கு எட்டு நிறுவனங்களிடமிருந்து வந்துசேர்ந்த விமானங்கள் 99. அவற்றுள் 74 டக்கோட்டாக்கள். அக்கழகத்தின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது. அதனை இவ்வளவில் நிறுத்திப் பெயர்களுக்கு வருகிறேன்.

பெயரிடும் மரபு கடல் கடந்து போனபோதுதான் சிறப்புற்றது. 1948 ஜூன் 8ஆம் நாள் இரவு பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக இலண்டனுக்குப் புறப்பட்ட லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானத்தின் பெயர் 'மலபார் பிரின்சஸ்'. பயணிகள் 35 பேர். அடிமைத்தளை நீங்கி ஓராண்டு நிறையாத நாடு, ஆண்டவர்களின் தலைநகருக்குத் தன் கொடி பொறித்த விமானத்தை அனுப்பியது. அதற்கு ஓர் இளவரசியின் பெயரைச் சூட்டியது. முகல் பிரின்சஸ், ராஜ்புத் பிரின்சஸ் என்பன அவளுடைய உடன்பிறந்தாள்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும். சமஸ்தானங்கள் ஒவ்வொன்றாக இந்திய ஒன்றியத்தில் கரைந்துகொண்டிருந்த காலம் அது. மண்ணில் முடிசூட்டு விழாக்கள் முடிவுக்கு வந்துகொண்டிருந்தபோது, வானத்தில் இளவரசியர் பவனி தொடங்கியது.

அந்த முதல் இளவரசி இரண்டரை ஆண்டுகளே வாழ்ந்தாள். 1950 நவம்பர் 3ஆம் நாள் மலபார் பிரின்சஸ் ஆல்ப்ஸ் மலையின் மான் பிளாங்க் சிகரத்தில் மோதியது. 48 பேரும் மாண்டனர். 1955 ஏப்ரல் 11இல் 'காஷ்மீர் பிரின்சஸ்' ஹாங்காங்கிலிருந்து ஜகார்த்தாவுக்குச் செல்கையில் வெடிகுண்டால் தீப்பற்றித் தென்சீனக் கடலில் வீழ்ந்தது. பாண்டுங் மாநாட்டுக்குச் சென்றுகொண்டிருந்த சீனக் குழுவினரும் செய்தியாளர்களும் அதில் இருந்தனர். சூ என்லாய் அந்த விமானத்தில் ஏறவில்லை. 16 பேர் இறந்தனர். பிழைத்தவர் மூவர், மூவருமே விமானப் பணியாளர்கள்.

இதற்கிடையே, 1954 முதல், நீளமான சூப்பர் கான்ஸ்டலேஷன்கள் வந்தன. விமானம் வளர்ந்ததுபோலப் பட்டமும் வளர்ந்தது. இளவரசி அரசியானாள். ஜான்சி ராணி முதலாகப் பல ராணியர் வந்தனர். இவர்களுள் எல்லோரா ராணியின் பிற்கால வாழ்வு தனியாகச் சொல்லத்தக்கது. ஜெட் விமானங்கள் வந்தபின் ராணியரிற் சிலர் இந்திய விமானப்படைக்கு மாற்றப்பட்டனர். 1976இல் அவர்கள் கடற்படையின் பொறுப்புக்குச் சென்று, அரபிக்கடலின் மேல் கண்காணிப்புப் பணி செய்தனர். எல்லோரா ராணி இன்று கோவாவின் டபோலிம் அருகில் கடற்படை வானூர்திக் காட்சியகத்தில், கடற்படை எண்ணைத் தாங்கி வெயிலில் நிற்கிறாள்.

1960இல் போயிங் 707 வந்தது. ஆசிய நிறுவனங்களுள் முதன்முதலாக ஜெட் விமானத்தைச் சேவைக்குக் கொண்டுவந்த பெருமை ஏர்-இந்தியாவுக்கு உண்டு. கான்ஸ்டலேஷனின் வேகத்தைப் போல ஏறத்தாழ இருமடங்கு வேகம். மேகங்களுக்கிடையே குலுங்கிச் சென்ற பயணம் மேகங்களுக்கு மேலே ஏறியது. அவ்வாண்டு மே மாதத்திலேயே நியூயார்க் சேவை தொடங்கிற்று. 1962 ஜூன் மாதத்தில், ஜெட் விமானங்கள் மட்டுமே கொண்ட உலகின் முதல் நிறுவனம் என்று ஏர்-இந்தியா தன்னை அறிவித்துக்கொண்டது. இந்த வேகத்துக்கு ராணியின் பல்லக்கு பொருந்தாது என்று தோன்றியதோ என்னவோ, பெயர்கள் இமயத்துக்கு ஏறின. கௌரிசங்கர், மகாலு, கஞ்சன்ஜங்கா என்று சிகரங்களே பறந்தன.

சிகரத்தின் பெயர் தாங்கிய ஒன்று சிகரத்திலேயே மோதும் என்பதைக் கவிஞர் எழுதினால் செயற்கை என்று விமரிசகர் ஒதுக்கிவிடுவார். ஆனால் 1966 ஜனவரி 24ஆம் நாள் கஞ்சன்ஜங்கா, ஜெனீவாவில் இறங்குவதற்காகத் தாழ்ந்து வருகையில், மலபார் பிரின்சஸ் மாண்ட அதே மான் பிளாங்க் மலையில் மோதியது. இறந்த 117 பேரில் அணு அறிவியலறிஞர் ஹோமி பாபாவும் ஒருவர். அன்றுதான் தில்லியில் இந்திரா காந்தி பிரதமராகப் பொறுப்பேற்றார். அம்மலையின் பனியாறு தன் மடியில் விழுந்ததை மெல்ல மெல்லக் கீழே கொண்டுவந்து தருகிறது. 2012இல் இந்திய அரசின் தூதஞ்சற்பை ஒன்று கிடைத்தது. 2013இல் மலையேறி ஒருவர் நவமணிகள் நிறைந்த பெட்டி ஒன்றைக் கண்டெடுத்தார். 2020இல் பனி உருகிய இடத்தில் இந்திய நாளிதழ்கள் சில கிடைத்தன. இந்திரா காந்தி தேர்வுபெற்ற செய்தி அவற்றில் தலைப்பாக இருந்தது. ஐம்பத்து நான்கு ஆண்டுகள் பனிக்குள் கிடந்தும் எழுத்து அழியவில்லை. ஓலைச்சுவடிகளைத் தேடிக் கரையான் தின்ற துண்டுகளோடு திரும்பும் எங்களைப் போன்ற ஆய்வாளர்களுக்கு அந்தப் பனியாற்றின் மேல் சிறு பொறாமை எழுவது இயல்பு.

1971இல் வந்த போயிங் 747 ஒரு புதிய கற்பனையைக் கோரியது. மாடியோடு கூடியது; முன்னூற்றுக்கும் மேற்பட்டோரைச் சுமப்பது. நிறுவனத்தார் அதனை வான் அரண்மனையாகவே கண்டனர். ஒவ்வொரு சன்னலைச் சுற்றியும் சிவப்பு வண்ணத்தில் ராஜஸ்தானத்து மாடச் சாளரத்தின் வளைவைத் தீட்டினர். அரண்மனை என்றால் அரசன் வேண்டுமே. முதல் விமானம் 'எம்பரர் அசோகா' ஆயிற்று. அடுத்து ஷாஜஹான், ராஜேந்திர சோழர், விக்கிரமாதித்தர், அக்பர், சந்திரகுப்தர், கனிஷ்கர், கிருஷ்ணதேவராயர், சமுத்திரகுப்தர், மகேந்திரவர்மர், ஹர்ஷவர்த்தனர் என்று பதினொரு பேரரசர்கள். 1988இல் வந்த 747-300 வகை இரண்டும் சிவாஜி, நரசிம்மவர்மன் எனப் பெயர் பெற்றன.

இந்த வரிசையில் தமிழ் மண்ணின் அரசர் மூவர் இருந்தனர். கி.பி. 1025இல் கடாரத்துக்குக் கலம் செலுத்திய ராஜேந்திரனின் பெயர் இம்முறை மேற்கு நோக்கி அட்லாண்டிக்கைக் கடந்தது. அவன் கல்வெட்டுகளின் மெய்க்கீர்த்தியில் அந்தக் கடலுக்கு இடமில்லை. மகேந்திரவர்மனோ போரை விட மத்தவிலாசப் பிரகசனம் என்னும் நகைச்சுவை நாடகத்தால் நம் நினைவில் நிற்பவன். மண்டகப்பட்டில் செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றிக் கோயில் குடைந்ததைப் பெருமையோடு பொறித்து வைத்தவன். முழுவதும் உலோகமான ஓர் ஊர்தி தன் பெயரைத் தாங்கியதை அவன் கண்டிருந்தால் இன்னொரு பிரகசனம் எழுதியிருப்பான். அவன் மகன் மாமல்லன் பெயரைத் தாங்கிய விமானம் முன்பாதியில் பயணிகளையும் பின்பகுதியில் சரக்கையும் ஒரே தளத்தில் ஏற்றும் வகையினது. துறைமுகப் பட்டினம் கண்டவனுக்கு அது பொருத்தமே. தந்தையும் மகனும் ஒரே நிறுவனத்தில் சில காலம் பணியாற்றினர் என்பதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. தமிழாசிரியை என்ற முறையில் ஒரு குறையும் உண்டு. இவர்கள் பெயரெல்லாம் ஆங்கில ஒலிப்பில் எழுதப்பட்டவை. ராஜேந்திர சோழன் அங்கே 'எம்பரர் ராஜேந்திர சோழா'.

இன்னொன்றும் கருதத்தக்கது. இளவரசியரில் தொடங்கிய வரிசையில் பேரரசர் காலம் வந்தபோது ஒரு பெண்ணரசியும் இல்லை. ரஸியாவோ ராணி மங்கம்மாளோ 747இல் ஏறவில்லை. 1982இல் ஏர்பஸ் ஏ300 வகை வந்தபோது கங்கை, கோதாவரி, காவிரி என்றும், பின்பு ஏ310 வகைக்கு சரஸ்வதி, கோமதி, சபர்மதி என்றும் பெயரிட்டனர். பெண்பெயர்கள் ஆறுகளாக மீண்டன. ஆனால் நடுத்தரத் தொலைவுக்குரிய சிறிய விமானங்களில்.

பேரரசர்களின் முடிவும் பேசப்பட வேண்டும். 1978 புத்தாண்டு நாள் இரவில் பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட அசோகா, விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி பழுதுபட்டதால் திசை தடுமாறிப் பாந்திரா கரையை அடுத்த கடலில் வீழ்ந்தது. 213 பேர் மாண்டனர். அடுத்த மாதமே அன்றைய நடுவண் அரசு ஜே.ஆர்.டி. டாட்டாவைத் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. 1985 ஜூன் 23ஆம் நாள் கனிஷ்கா அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் வெடிகுண்டால் சிதறியது, 329 பேர். அவர்களிற் பெரும்பாலோர் இந்திய வழிவந்த கனடியர், குழந்தைகள் பலர். இன்று நாளிதழ் படிக்கும் இந்தியர் பலருக்குக் கனிஷ்கா என்பது குஷாண மன்னனின் பெயராக இல்லை. ஒரு பேரிழப்பின் பெயராகவே இருக்கிறது. காந்தாரச் சிற்பக் கலையை வகுப்பில் நடத்தும்போது அந்தப் பெயரைச் சொன்னதும் மாணவி ஒருத்தி, 'குண்டு வைத்தார்களே, அதுவா அம்மா?' என்று கேட்டாள். நான் சிறிது நேரம் பாடத்தைத் தொடரவில்லை. ஈராயிரம் ஆண்டு நிலைத்த பெயரின் பொருளை ஒரே விடியற்காலை மாற்றிவிட்டது.

1993இல் வந்த 747-400 விமானங்களுக்குக் கலைச்சிறப்புடைய ஊர்களின் பெயர்கள் வாய்த்தன: கொனாரக், தஞ்சாவூர், கஜுராஹோ, அஜந்தா. பின்னால் ஆக்ராவும் பழைய கோவாவும் சேர்ந்தன. அதன்பிறகு நெடிய வறட்சி. ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஏர்-இந்தியாவின் நெடுந்தொலைவு வரிசைக்குப் புதிய விமானம் வாங்கப்படவில்லை. பழையவற்றையும் வாடகைக்கு எடுத்தவற்றையும் கொண்டு ஓட்டினர். அதற்குள் உலகம் மாறிவிட்டது. நான்கு எஞ்சின்கள் குடித்த எரிபொருளில் ஒரு பகுதியை மிச்சப்படுத்தி, இரண்டே எஞ்சின்களோடு பெருங்கடல்களைக் கடக்கும் விமானங்களைப் பிற நிறுவனங்கள் இயக்கின. விழித்தபோது ஒரேயடியாக விழித்தனர். போயிங்கிடம் 68 விமானங்கள், இந்தியன் ஏர்லைன்சுக்கு ஏர்பஸ்ஸிடம் 43, ஆக 111. அடுத்து 2007இல் இரு நிறுவனங்களும் இணைக்கப்பட்டன. வாங்கியதும் இணைத்ததும் ஒரே மூச்சில் நடந்ததால் கடன் தலைக்குமேல் ஏறியது என்பது என் கருத்து; ஒன்றைச் செய்து மற்றொன்றுக்குக் காத்திருக்கலாம். மும்பையிலிருந்து நியூயார்க்குக்கு இடைநில்லாமற் செல்லும் 777-200எல்ஆர் வகையில் எட்டு வாங்கி, ஐந்தைச் சில ஆண்டுகளுக்குள்ளேயே எதிஹாத் நிறுவனத்துக்கு விற்றனர். அந்த 777களுக்கு மாநிலங்களின் பெயர்கள். முதலாவது 'ஆந்திரப் பிரதேசம்'. ஆங்கில அகரவரிசையில் முதலில் நிற்பது அது. பெயரிடுவோரிடம் கற்பனை வற்றி, பட்டியல் மட்டும் எஞ்சியிருந்தது.

2012இல் வந்த 787 டிரீம்லைனர்களுக்கு அரசரும் இல்லை, ஆறும் இல்லை; பதிவெழுத்துகளாலேயே அவை அறியப்பட்டன. பேரரசர்கள் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டனர். ஊர்ப்பெயர் தாங்கிய 747-400கள் மட்டும் சிறிது காலம் எஞ்சி, 2020இல் ஊகான் நகரிலிருந்து மாணவர்களை அழைத்து வரும் பணியையும் செய்து, 2021இல் பயணிகள் சேவையிலிருந்து விலகின. 2022 ஜனவரி 27இல் நிறுவனம் மீண்டும் டாட்டாக்களின் கைக்கு வந்தது. 2023 பிப்ரவரியில் 470 விமானங்களுக்கான கொள்முதல் அறிவிக்கப்பட்டது. ஒரு பஸ் மாத்தில் 25 கிலோ அஞ்சலோடு தொடங்கிய கணக்கு இவ்வாறு வளர்ந்தது. அவ்வாண்டு இறுதியில் வந்த முதல் ஏர்பஸ் ஏ350இன் பதிவெழுத்து விடி-ஜேஆர்ஏ. அந்த 'ஜேஆர்' யாரை நினைவூட்டுகிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பழைய மாடச் சாளரமும் மெல்லிய கோட்டு வடிவாகப் புதிய வண்ணத்தில் மீண்டது. 2024 ஏப்ரல் 22ஆம் நாள் 'ஆக்ரா' என்னும் 747 மும்பையிலிருந்து புறப்பட்டு, ஓடுபாதைக்கு மேலே இறக்கையை இருபுறமும் சாய்த்து விடைபெற்றுக்கொண்டு, உதிரிப் பாகங்களாகப் பிரிக்கப்படுவதற்காக அமெரிக்கா சென்றது. ஏர்-இந்தியாவின் கடைசி 747 பயணம் அது.

2025 ஜூன் 12இல் அகமதாபாத்திலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்ட டிரீம்லைனர் ஒரு நிமிடத்துக்குள் மருத்துவக் கல்லூரி விடுதியின் மேல் வீழ்ந்தது. 1932இல் மாட்டுவண்டி எரிபொருள் கொண்டுவந்த அதே ஊர். விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். தரையில் 19 பேர் மாண்டனர். அந்த விமானத்துக்குப் பெயர் இல்லை. செய்தியேடுகள் அதனை 'ஏஐ 171' என்று பயண எண்ணால் குறித்தன. பெயரிருந்தால் துயரம் குறையும் என்று நான் சொல்ல வரவில்லை. கனிஷ்காவைப் பற்றி எழுதிய பிறகு அப்படிச் சொல்லவும் இயலாது. ஆயினும் இரங்கற்பா எழுத முனைந்த நம் மன்றத்துக் கவிஞர் ஒருவர், அந்த எண்ணைப் பாட்டுக்குள் எவ்வாறு வைப்பது என்று என்னிடம் கேட்டார். நான் விடை சொல்லவில்லை.

நான் இந்தப் பொருளை எடுத்துக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. என் தந்தையார் குவைத்தில் ஒரு கட்டட ஒப்பந்த நிறுவனத்தில் எழுத்தராக இருந்தார். 1990 ஆகஸ்டில் ஈராக்கியப் படை புகுந்தது. அப்போது எனக்கு வயது பத்து. பல வாரங்கள் கடிதம் இல்லை. அவர் பேருந்தில் பாக்தாத் வழியாக ஜோர்டானை அடைந்து, அம்மானிலிருந்து ஏர்-இந்தியா விமானத்தில் பம்பாய் வந்து, அங்கிருந்து இரயிலில் ஊர் சேர்ந்தார். அந்த ஆண்டு ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை 59 நாட்களில் 488 பயணங்கள் நடந்தன; 1,11,711 பேர் மீட்கப்பட்டனர். அவர்களுள் அவர் ஒருவர். வந்தபின் அடிக்கடி சொல்லுவார்: 'மாடி வைத்த பிளேன். மூக்குப் பக்கம் ஏதோ ராசா பேர் எழுதியிருந்தது.' எந்த ராசா என்று கேட்டால் நினைவில்லை என்பார்.

அவர் மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. இக்கட்டுரைக்காகக் குறிப்பெடுத்தபோது அந்தக் கேள்வி திரும்பி வந்தது. அசோகரும் கனிஷ்கரும் அப்போது இல்லை. விக்கிரமாதித்தன் அவ்வாண்டு மே மாதத்தில் தில்லியில் இறங்கியபின் தீப்பற்றிப் பயனற்றுப் போனான். நல்லூழாக உயிர்ச்சேதம் இல்லை. மகேந்திரவர்மனாக இருந்திருக்கலாம். ராஜேந்திரனாகவும் இருந்திருக்கலாம். மாமல்லனாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதற்குச் சான்று ஏதும் என் கையில் இல்லை. அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். அரிசியைப் புடைத்துக்கொண்டே, 'எந்த ராசாவா இருந்தா என்னடி, உங்கப்பாவைக் கொண்டாந்து விட்டானே' என்றார்.